ரெண்டு இஞ்சு மாஸ்டரும் ஆறாவது சீட்டும்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரெண்டு இஞ்சு மாஸ்டர் என்று சொன்னால்தான் தெரியும். தபால்காரருக்கும் அதுதான், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் அதுதான். கோபம் வந்தால் எனக்கும் அதுதான்.

எங்களுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் கடை. எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் டேப்பைச் சுழற்றி அளவெடுப்பார், நோட்டில் எழுதுவார், பிறகு கூட வந்த அம்மாவைப் பார்த்து, "வளர்ற பிள்ள. ரெண்டு இஞ்சு உள்ள விட்டிருக்கேன். அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். பெற்றவர்களுக்குக் கொண்டாட்டம், பிள்ளைகளுக்குத் திண்டாட்டம். ஆறாம் வகுப்பில் போட்ட பேன்ட்டைப் பிரித்துப் பிரித்து ஒன்பதாம் வகுப்பு வரை இழுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். கடையில் வெட்டுவது அவர். தைப்பதற்கு நான்கு பேர். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும், "நேத்தே தர்றேன்னு சொன்னீங்களே" என்று வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதும் நான்.

மனிதர் தங்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில்லை. பால் வாங்கப் போனாலும் கழுத்தில் டேப் தொங்கும். புது பீரோ வந்தால் வாசலை அளப்பார், பீரோவை அளப்பார், தூக்கி வந்த ஆட்களின் தோளையும் ஒரு பார்வை பார்ப்பார். எந்தத் துணியை அளந்தாலும் ஒரு இஞ்சு கழித்துத்தான் நோட்டில் ஏறும். "தண்ணி பட்டா சுருங்கும்" என்பார். நான் முதன்முதலாக அவரிடம் துணி கொடுக்கப் போனபோது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "உங்களுக்கு இடது தோள் அரை இஞ்சு இறக்கம்" என்றார். அந்த ஆளையே கட்டிக்கொண்டேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

வீட்டில் நாங்கள் ஆறு பேர். மாஸ்டர், நான், பன்னிரண்டாவது படிக்கும் பெரியவள், நாலாவது படிக்கும் சின்னவள், என் மாமனார், என் நாத்தனார். மாமனார் முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் பிரேக்கைத் தேடும். நாத்தனார் மாஸ்டருக்கு அக்கா, கணக்கு டீச்சர். கடைக்காரர் பில் போடுவதற்குள் மனசிலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். கல்யாணக் கணக்குக்கு மட்டும் தனக்கு விடை வரவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எங்கள் காரில் ஐந்து சீட். ஆறில் ஐந்து போனால் மிச்சம் ஒன்று. அந்த ஒன்று நான்.

சின்னவள் மடியில் உட்காருகிற வயது வரைக்கும் ஒப்பேற்றினோம். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் கால் நீண்டுவிட்டது. மாமனாரும், மடியில் ஆள் வைத்து வண்டி ஓட்டுவது விதிமுறைக்கு விரோதம் என்று ஒரே பிடியாக நின்றார். யாரும் என்னைப் பார்த்து நீ இரு என்று சொல்லவில்லை. முதல் தடவை நானேதான் பெருந்தன்மையாக, "நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் காஜா பாக்கி இருக்கு" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு தடவை சொன்னது அப்படியே வழக்கமாகிவிட்டது. கேட்டில் நின்று கையாட்டிக் கையாட்டி என் வலது தோளும் இந்நேரம் அரை இஞ்சு இறங்கியிருக்கும்.

சரி, ஊர் சுற்றப் போனார்கள், போகட்டும். என் கூடப்பிறந்த தங்கை கடலோரம் குடியிருக்கிறாள். காரில் ஆறு மணி நேரம். இரண்டு தடவை எல்லோரும் போய் வந்தார்கள். என் தங்கை வீட்டுக்கு, என்னைத் தவிர எல்லோரும்! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கிறேன், தனியாக, ஜன்னலோரமாக, நன்றாகத் தூங்கிக்கொண்டு. என் குறை அது இல்லை. இரண்டாவது தடவை அவர்கள் திரும்பி வந்த அன்று பெரியவள் பையை இறக்கிக்கொண்டே, "தாத்தா, வாத்து!" என்றாள். அவ்வளவுதான். ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லேசில் சிரிக்காத நாத்தனார்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"என்னடி வாத்து?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா, வழியில ஒரு வாத்து. தாத்தா அதுகிட்ட போயி… ஐயோ, சொன்னா வராதும்மா. நீ இருந்திருக்கணும்."

நீ இருந்திருக்கணுமாம்! அதன் பிறகு எட்டு மாதம் எங்கள் வீட்டில் வாத்துதான். சாப்பிடும்போது வாத்து, துணி காயப்போடும்போது வாத்து. யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் நான்கு பேர் உருளுவார்கள். நானும் கூடவே சிரித்து வைப்பேன், ஒன்றும் புரியாமல், பாதி வாயோடு. எனக்கு வேண்டியது கடலும் இல்லை, காரும் இல்லை. கதவைச் சாத்திய பிறகு உள்ளே சிரிக்கிறார்களே, அங்கே எனக்கு ஒரு இடம் வேண்டும். இதை வெட்கத்தை விட்டு மாஸ்டரிடம் சொல்லியும்விட்டேன்.

சொல்லி ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியை நிறுத்தினார்.

"பெரிய வண்டி வாங்கிடலாமா? இந்த எஸ்யூவிங்கறாங்களே, மூணு வரிசை சீட்டு. பணம்தான் சேர்ந்திருக்கே."

ஓவர்லாக் மிஷின் நின்றது. நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கையில் இருந்த சட்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை, பட்டன் வைக்கிற பக்கத்திலும் ஒரு காஜா போட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே வீடு இரண்டுபட்டது. மாமனாருக்கு வண்டி உயரமாக இருக்கவேண்டும், "மேல உக்காந்தாதாம்மா ரோடு நம்ம பேச்சைக் கேக்கும்" என்றார். நாத்தனாருக்கு வயிற்றைப் புரட்டும், அதனால் ஜன்னல். பெரியவளுக்குக் கூரை திறக்கவேண்டும். எதற்கடி என்றால், "சும்மா திறக்கணும்மா, திறந்து மூடணும்" என்றாள். சின்னவள் கடைசி வரிசை தனக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். நான் தங்கைக்குப் போன் போட்டேன். "அடுத்த மாச லீவுல வர்றோம்டி, ஆறு பேரும்" என்றேன். "நீ வரலேன்னா இந்தத் தடவ யாருக்கும் கதவத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் அவள். குதிக்காத குறைதான் எனக்கு. வாடிக்கையாளர்களிடம் இரண்டு நாள் சண்டையே போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

முதலில் பார்க்கப் போனது மாஸ்டரும் மாமனாரும் நானும். ஷோரூமில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் ஓடிவந்து, எஞ்சின், மைலேஜ், ஏர்பேக் என்று மூச்சு விடாமல் சொன்னாள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

"சார், எல்லா அளவும் இந்தப் புத்தகத்துல இருக்கு சார்."

"அது நீங்க எழுதின அளவும்மா. வெட்டறவன் தன் கையால அளக்கணும்."

நடு சீட்டில் தவழ்ந்தார். கடைசி சீட்டில் மடங்கினார். டிக்கியில் கால் மட்டும் வெளியே தெரிந்தது. வெளியே வந்து அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்க கோட்டுக் கை முக்கால் இஞ்சு நீளம்மா" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஊசி எடுத்து அங்கேயே மடித்துக் குத்திவிட்டார். அவள் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். மாமனாரோ டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே மாட்டேன் என்றார். கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை இறக்குவதற்கு இரண்டு டீ ஆனது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் திட்டத்தைச் சொன்னார். முன்னால் அவரும் மாமனாரும். கடைசி வரிசையில் ஒரு பக்கத்தை மடித்துப் பெட்டி, இன்னொரு பக்கம் சின்னவள், ஏனென்றால் வேறு யார் உட்கார்ந்தாலும் அங்கே தலை இடிக்கிறது. பெட்டியை மேலே கட்டக்கூடாது, வளைவில் ஆட்டம் கொடுக்கும் என்பது மாமனாரின் தீர்ப்பு. இதைவிடப் பெரிய வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பாது, அதையும் அளந்தாயிற்று. ஆக நடு வரிசையில் மூன்று பேர்: நாத்தனார், பெரியவள், நான். மூன்று பேரும் அந்த சீட்டில் அடங்கினால் வண்டி, இல்லையென்றால் இல்லை.

ஆளாளுக்கு ஸ்டூல் போட்டு, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, குறுக்களவு எடுத்தார். "நம்பரைச் சத்தமாச் சொன்னே, தம்பின்னு பாக்க மாட்டேன்" என்று நாத்தனார் முதலிலேயே எச்சரித்துவிட்டதால் எல்லாம் ரகசியமாக நோட்டுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் இருந்த சாமான்களை எல்லாம் ஒதுக்கினோம். சீருடை வெட்டும்போது முதலில் காகிதத்தில் வெட்டித் துணிமேல் பரப்பிப் பார்ப்பார், துணி காணுமா காணாதா என்று. அதே வித்தைதான். பழுப்புக் காகிதத்தில் நடு சீட்டை அளவு பிசகாமல் வெட்டித் தரையில் விரித்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் தனித்தனிக் காகிதமாக வெட்டிக் கொண்டுவந்தார். மேலே அக்கா, மனைவி, பெரியவள் என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. சின்னவளுக்கு ஒரே கும்மாளம், காகித அத்தைக்குக் கண் மூக்கு வரைந்து, கண்ணாடியும் மாட்டிவிட்டாள்.

காகித நாத்தனாரை ஜன்னலோரம் வைத்தார். அடுத்த ஜன்னலில் பெரியவள். நடுவில் என்னை வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. நான் உட்காரவேயில்லை, பெரியவளின் மேலேறிக் கிடந்தேன். பெரியவளை நகர்த்தினார், அவள் கார்க்கதவுக்கு வெளியே போனாள். என்னை ஓரத்துக்கு மாற்றினார், இப்போது நான் வெளியே தொங்கினேன்.

"குறுக்குவாட்டுல திருப்பி வச்சா…" என்று முனகினார்.

"என்னைக் குறுக்குவாட்டுலயா?" என்றேன்.

"மூணு பேரும் சேந்து அம்பத்தஞ்சுக்கா," என்றார் நாத்தனாரிடம், தனி நம்பரைச் சொல்லப் பயந்து. "வண்டி அம்பத்தொண்ணு."

"நாலு இஞ்சு பத்தல. கணக்கு சரி" என்றார் நாத்தனார், மெதுவாக. கணக்கு டீச்சரே சரி என்றபிறகு யார் என்ன பேசுவது?

மாஸ்டர் என் காகிதத்தை எடுத்துத் தனியாக வைத்தார். "துணியா இருந்தா ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். இது இரும்பு. வேணாம், விட்டுடுவோம்" என்றார். அவர் முகமும் செத்துத்தான் கிடந்தது. அதைப் பார்த்து என் பாழாய்ப்போன வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது.

"பரவால்ல. லீவுக்கு நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் காஜா…"

அதற்கு மேல் வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வந்தது.

"எனக்குக் காஜாவும் இல்ல, ஒரு கூஜாவும் இல்ல! என் தங்கச்சி வீட்டுக்கு நான் போகணும்! நீங்க எல்லாம் சிரிக்கறப்ப நானும் சிரிக்கணும்! எனக்கும் அந்த வாத்து வேணும்!"

நாற்பத்திரண்டு வயதில், நட்டநடு ஹாலில், வாத்துக்காக அழுதேன். ஆமாம், அழுதேன், அதில் என்ன வெட்கம்? இந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தால்தான் மனசு ஆறும் என்று என் காகிதத்தைக் கையில் எடுத்தேன். எதிரே பீரோக் கண்ணாடி. காகிதம் என் முன்னால் விரிந்து, இரண்டு பக்கமும் என்னைத் தாண்டி எட்டிப்பார்த்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க. இது யாரு?"

"நீதான்" என்றார்.

"நானா? நான் இத்தனை அகலமா?"

பதினெட்டு வருஷமாகக் காஜா எடுக்கிற கை இது. கால் இஞ்சு பிசகினால் விரலுக்குத் தெரியும். அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினேன். அதுவரை அந்த டேப்பை யாரும் தொட்டதில்லை. பெரியவளிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

"அளடி."

"பதினாறும்மா."

"பேப்பர அள."

"பதினெட்டு."

"என் பேப்பர் எங்க?" என்று ஒரு குரல். நாத்தனார் ஸ்டூலை நோக்கிப் பாய்ந்துவந்தார். ஆளை அளந்தால் பதினெட்டு, காகிதத்தை அளந்தால் இருபது. "டேய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாமனாரின் கால் பிரேக்கை மிதித்தது.

மாஸ்டர் நோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். காது சிவந்துகொண்டே வந்தது.

"அது வந்து… ரெண்டு இஞ்சு உள்ள விட்டிருக்கேன் போலருக்கு."

"யாருக்குள்ளடா விட்டே?"

"கை பழக்கம்க்கா. வளர்ற…"

"எனக்கு அம்பத்திரண்டு வயசுடா! நான் இனிமே எங்கடா வளரப்போறேன்?"

"பக்கவாட்டுல வளரலாம் அத்தை" என்றாள் சின்னவள், ஆறுதலாக.

துணிக்குத்தான் உள்ளே விடுவார்கள், மனுஷருக்கு விடுவார்களா? இருபது வருஷமாகக் கை தானாக எழுதுகிறது, பாவம், இந்தக் கை வேறு எதைக் கண்டது? மாமனார் மட்டும் புருவத்தைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார். ஷோரூமில் கொடுத்த புத்தகத்தை எடுத்துக் கண்ணாடி மாட்டிப் புரட்டினார்.

"டேய், இதுல சீட்டு அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. நீ எப்படி அம்பத்தொண்ணு எழுதினே?"

மாஸ்டர் எச்சில் விழுங்கினார். "ஒண்ணு கழிச்சேன்ப்பா."

"எதுக்குடா?"

"தண்ணி பட்டா…"

முடிக்கவில்லை. மாமனார் புத்தகத்தைக் கீழே போட்டார். "துவைச்சா வண்டி சுருங்குமாடா?"

அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் சுவரில் சாய்ந்து வழுக்கிக்கொண்டே கீழே வந்தாள். சின்னவள் காகிதக் காரின்மேல் உருண்டு அதை இரண்டாகக் கிழித்தாள். நாத்தனார் சிரிப்புக்கு நடுவே விரலை மடக்கி, "நாப்பத்தொம்பது. அம்பத்திரண்டுல நாப்பத்தொம்பது போனா மூணு மிச்சம். இப்பத்தாண்டா கணக்கு சரி!" என்று மூச்சு வாங்கினார்.

சிரிக்காத ஒரே ஆள் மாஸ்டர். டேப்பைக் கையில் வைத்து, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கையே என்னை ஏமாத்திடுச்சு. இனிமே எந்த அளவை நம்பி இவ்வளவு பெரிய சாமான வாங்கறது? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். ஒரு மலை ஏறி இறங்கினால் அடுத்த மலை. இந்த மனிதரோடு இப்படித்தான்.

"அளக்கவே வேணாம்டா," என்றார் நாத்தனார். "ஆறு பேரும் போய் உக்காந்து பாத்துடுவோம். கிளம்புங்க."

கிளம்பினோம். பழைய காரில் ஐந்து சீட். என் வாய் மறுபடியும் திறந்தது, அதற்கென்று ஒரு வியாதி. "நீ இல்லாம யாரை வச்சு உக்காந்து பாக்கறது? ஏறு" என்று மாமனார் அதட்டினார். சாவியையும் அவரே பிடுங்கிக்கொண்டார். மாஸ்டர் பஸ்ஸில் வருவதாக முடிவாயிற்று. நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன், அவர் கேட்டில் நின்றார். கை தானாகத் தூக்கிக்கொண்டது, ஆட்டினார்.

மாமனார் ஓட்டுகிற வண்டி எப்படிப் போகும்? பஸ் ஸ்டாப் வந்தால் தானாக ஓரம் கட்டும். முதல் ஸ்டாப்பில் நின்றது, "தாத்தா!" என்று கத்தினோம், கிளம்பியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு அம்மா பையும் குடையுமாக வந்து பின் கதவைத் திறந்து, நாத்தனாரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். நாத்தனார் பதறிப்போய் நிஜமாகவே தள்ளி உட்கார்ந்தார். மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "இடமில்லம்மா. பின்னாடி வண்டி காலியா வருது." அந்த அம்மாவும், "அப்ப சரி" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பின்னால் வந்த வண்டியில் படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அதன் ஜன்னலில் நசுங்கிக்கொண்டு, கழுத்தில் டேப்போடு, மாஸ்டர்.

ஷோரூம் வாசலில் நாங்கள் இறங்கி, சிரிப்பில் நிற்கமுடியாமல் நின்றோம். நாத்தனார் என் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். ஐந்து நிமிஷம் கழித்து மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"என்ன? என்ன சிரிப்பு?"

"பின்னாடி வண்டி!" என்றாள் பெரியவள். மறுபடி உருண்டோம்.

"எந்த வண்டி? சொன்னா நானும் சிரிப்பேன்ல?"

நான் சொல்லத்தான் பார்த்தேன். "ஒரு அம்மா வந்து… அண்ணி தள்ளி… ஐயோ, சொன்னா வராதுங்க. நீங்க இருந்திருக்கணும்."

அவர் எங்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி வாயோடு நின்றார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக அது என் முகம். அவருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, என்னைப் பார்த்தவர் பார்வையை எடுக்கவில்லை.

நீலக் கோட்டுப் பெண் வந்தாள். "மறுபடியும் அளக்கணுமா சார்?"

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "அளந்தாச்சும்மா" என்றார். நேராகப் போய் அந்தப் பெரிய வண்டியின் நடுக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "நீ முதல்ல ஏறு."

ஏறினேன். நாத்தனார் ஏறினார், பெரியவள் ஏறினாள், சின்னவள் பின்னால் தாவினாள். மாமனார் முன்னால். மாஸ்டர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, எல்லாக் கதவையும் சாத்தச் சொன்னார். உள்ளே ஆறு பேரின் மூச்சும் ஒரே இடத்தில் கேட்டது. மிச்சம் இருந்த மூன்று இஞ்சில் நாத்தனாரின் கைப்பை உட்கார்ந்திருந்தது. ஏன் யாருமே இறங்கவில்லை என்று நீலக் கோட்டுப் பெண் கண்ணாடியைத் தட்டிக் கேட்டாள். "இதுவே போதும்மா, பில்லு போடுங்க" என்றார் மாஸ்டர். "கூரை திறக்குமான்னு கேளுப்பா!" என்று பெரியவள் அலறினாள். திறந்தது. திறந்து மூடினாள்.

லீவு விட்ட மறுநாளே காலையில் கிளம்பினோம். கேட்டில் நின்று கையாட்ட ஆள் இல்லை. பூட்டைப் பூட்டிவிட்டு ஓடிவந்து ஏறினேன். மூன்று மணி நேரம் போயிருக்கும், நான்கு பேர் ஒரே நேரத்தில், "இங்கதான்! இங்கதான்!" என்று கத்தினார்கள். மாஸ்டர் வேகத்தைக் குறைத்தார்.

"எங்க?" என்றேன், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி.

"இந்த டயர் கடை முன்னாடிதாம்மா. நடு ரோட்டுல உக்காந்துக்கிட்டு ஹாரனுக்கு நகரவே மாட்டேன்னுச்சு. தாத்தா இறங்கிப் போயி, அதுகிட்ட, 'உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க'ன்னாரு. அது எழுந்து நேரா டயர் கடைக்குள்ள போயிடுச்சும்மா!"

பார்த்தேன். ஒரு டயர் கடை, பூட்டிக் கிடந்தது. முன்னால் ஒரு குட்டை. குட்டையில் வாத்தும் இல்லை, வாத்தின் இறகும் இல்லை. இதற்கா எட்டு மாதம்? சத்தியமாகச் சொல்கிறேன், அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. நான் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டவேண்டியதாயிற்று. மாமனார் சின்னவளிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி எனக்குக் கொடுத்தார், அதைக் குடிக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன்.

"எங்க இருக்கீங்கக்கா? யாரு அங்க அப்படிச் சிரிக்கறது?"

"நான்தாண்டி. வாத்துகிட்ட இருக்கோம்."

"எந்த வாத்து?"

"ஒண்ணுமில்லடி," என்றேன். "சொன்னா வராது. நீ இருந்திருக்கணும்."